முக்கால் மணி நேரத்துக்கு எந்த ப்ரவுசர் கேம்?

அக்கா மகன் போன மாதம் போனில் கேட்டான்: "மாமா, வேலைக்குச் சேர்ந்தாச்சு. தினமும் முக்கால் மணி நேரம் கிடைக்கும். டிராவியன் ஆடலாமா, இல்ல வேற ஏதாவதா?"

செங்கல்பட்டிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் போய் வருகிறான். காலை ஒன்பதரைக்கு சீட்டில் இருக்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேம் தளங்களுக்கெல்லாம் தடை. போனில் ப்ரவுசர் இருக்கிறது, ஆனால் சாப்பாட்டு நேரம் தவிர அதை வெளியே எடுக்க முடியாது. பதில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்கே ஒன்று உறைத்தது. முக்கால் மணி என்கிற கணக்கை வைத்துக்கொண்டு எந்த கேமையும் தேர்ந்தெடுக்க முடியாது.

முக்கால் மணி நேரம் மொத்தமாக ராத்திரி எட்டரைக்குக் கிடைத்தால் அது ஒரு விதம். அதே முக்கால் மணியை ஒன்பது துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் நாளின் ஒவ்வொரு மூலையில் போட்டு, அதில் ஒன்றை விடிகாலை 3:40-க்கு வைத்தால் அது வேறு விதம். கடிகாரத்தில் இரண்டும் ஒரே அளவுதான், உடம்பு அதை ஒப்புக்கொள்ளாது. அதனால் ஒவ்வொரு கேமையும் "எவ்வளவு நேரம் பிடிக்கும்" என்று கேட்காமல், "எப்போது வரச் சொல்லும், வராவிட்டால் என்ன போகும்" என்று கேட்டுப் பார்த்தோம்.

டிராவியனிலிருந்தே தொடங்குகிறேன். 2004-ல் ஜெர்மனியில் வந்த ஆட்டம் இது. ரோமர், கால், டியூட்டன் போன்ற இனங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு கிராமத்தோடு ஆரம்பிக்க வேண்டும். மரம், களிமண், இரும்பு, தானியம். முதல் வாரத்தில் எல்லாக் கட்டுமானமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கட்டலாம் (ரோமர் மட்டும் ஒரு வயலும் ஒரு கட்டடமும் சேர்த்துக் கட்டலாம்). ஒன்று முடிந்ததும் அடுத்ததை நீங்கள் வந்துதான் தொடங்கி வைக்க வேண்டும். ஆக, ஒன்றுமே நடக்காத முதல் வாரம்தான் அடிக்கடி எட்டிப்பார்க்கச் சொல்லும். பிறகு ஒவ்வொரு வேலையும் மணிக்கணக்கில் நீளும், "அப்பாடா" என்று தோன்றும். அந்த நேரத்தில் இரண்டாவது கிராமம் வந்திருக்கும். அப்புறம் ஐந்தாவது, பத்தாவது.

காசு கொடுத்து ஆட்டத்துக்குள் செல்லுபடியாகும் தங்கம் வாங்கினால் அடுத்த வேலையை வரிசையில் போட்டுவைக்கும் வசதி கிடைக்கும். இந்த வகை ஆட்டங்களில் காசுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் தூக்கம்தான்.

நான் இதை 2010 வாக்கில் ஆட ஆரம்பித்தேன். டியூட்டன். அந்த இனத்துக்காரனுக்குக் கதாயுதக்காரன் என்று ஒரு மலிவான வீரன் உண்டு. அவனை நூற்றுக்கணக்கில் செய்து, அக்கம்பக்கத்தில் தூங்கிக்கிடக்கும் கிராமங்களில் தானியத்தைக் கொள்ளையடிப்பதுதான் பிழைப்பு. ரெய்டு போன படை திரும்பி வந்ததும் மறுபடி அனுப்ப வேண்டும். இருபது நிமிடத்தில் திரும்பினால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் படை வீட்டில் சும்மா நிற்கிறது என்று தெரிந்த பிறகு சோறு இறங்காது.

படை பெருத்தால் தானியம் போதாது. விளைச்சலைவிடச் செலவு அதிகமாகி, களஞ்சியம் காலியானால் வீரர்கள் பட்டினியில் சாவார்கள். 2012-ல் எங்கள் ஊரில் மின்வெட்டு எட்டு மணி, பத்து மணி நேரம் என்று போன காலம். பக்கத்துக் கிராமத்திலிருந்து வண்டியில் தானியம் அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டே படுத்துவிட்டேன். எழுந்தபோது கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது பாதிப் படை இல்லை. எதிரி ஒருவன்கூட என்னைத் தொடவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது?

இதெல்லாம் தனி ஆளாக ஆடும்போது வரும் நேரச் செலவு. அலையன்ஸில், அதாவது கூட்டணியில், சேர்ந்ததும் கணக்கு மாறும். எதிரியின் கவண் படை ஒரு விநாடி இடைவெளியில் அலை அலையாக வந்து இறங்கும். அந்த ஒரு விநாடி இடைவெளியில் நம் காவல்படை போய்ச் சேர வேண்டும் என்றால், எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஆள் எட்டு மணி நேரத்துக்கு முன்னால் சரியான விநாடியில் பொத்தானை அழுத்த வேண்டும். அது அவனுக்கு இரவு 2 மணியாக இருந்தால் 2 மணிக்கு. போகாவிட்டால் கேமுக்கு ஒன்றும் நஷ்டமில்லை, கூட ஆடுகிறவன் கிராமம் போகும். மறுநாள் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். "பரவாயில்லை தலைவா" என்பான். அதுதான் தாங்காது. அலாரத்தை நான் வைத்தது கேமுக்காக இல்லை, அந்தப் "பரவாயில்லை"க்குப் பயந்து.

டிராவியனுக்குச் சாதகமாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அது முடியும். கடைசிக் கட்டத்தில் உலக அதிசயம் ஒன்றை 100-வது நிலை வரை கட்டி முடிக்கும் கூட்டணி ஜெயிக்கும், சர்வர், அதாவது அந்த ஆட்ட உலகம், முடிந்துவிடும். சாதாரண வேகத்தில் பல மாதம், மூன்று மடங்கு வேக சர்வரில் நாலைந்து மாதம். கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு, ஒரே அக்கவுன்டை இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆட விதி அனுமதிக்கிறது. டூயல் என்பார்கள். அதோடு இரண்டு சிட்டர்களை நியமித்துக்கொள்ளலாம், நீங்கள் இல்லாத நேரம் அவர்கள் உள்ளே வந்து பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி ஷிப்டில் ஒரு நண்பன் இருந்தால் இந்த கேமே வேறு கேம்.

இதே வகையில் டிரைபல் வார்ஸ் என்று 2003-ல் வந்த ஒன்றையும் அவன் கேட்டான். அங்கே கிராமத்தின் விசுவாசம் 100-ல் தொடங்கும். எதிரியின் பிரபு (கிராமம் பிடிக்கும் வீரன்) ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் 20 முதல் 35 வரை குறையும். நாலு பிரபுக்களை ஒட்டினாற்போல அனுப்பினால் பெரும்பாலும் அது பூஜ்யத்துக்கு இறங்கி, கிராமம் கைமாறிவிடும். எனவே நாலு விநாடிக்குள் நடக்கிற விஷயத்துக்கு நாள் முழுக்கக் காவல். தூங்குகிறவர்களுக்காக இரவுப் பாதுகாப்பு என்று ஒரு ஏற்பாடு பல உலகங்களில் உண்டு. அந்த நேரத்தில் தற்காப்பு பலம் இரண்டு மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது யாருடைய இரவு? லண்டன் நேரத்தில் ஓடும் சர்வரில் நள்ளிரவு முதல் காலை 8 வரை என்று வைத்திருந்தால், குளிர்காலத்தில் அது நமக்குக் காலை 5:30 முதல் மதியம் 1:30 வரை. நாம் பல் தேய்த்து, ரயில் பிடித்து, வேலை பார்க்கும் நேரம் முழுக்கப் பத்திரம். அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து டீயோடு உட்காரும் மாலை 6 மணி நமக்கு இரவு 11:30. நாம் கண்ணை மூடும் நேரத்தில் அங்கே தாக்குதல் சூடு பிடிக்கும். ஐரோப்பிய நேர சர்வரில் சேரும் முன் இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தான் மூன்றாவது வாரம் கண் கீழே கருவளையத்தோடு திரிகிறார்கள். அவனிடம் இதை மட்டும் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஓகேம் இதற்கு அண்ணன் முறை, 2002. விண்வெளி, கிரகங்கள், கப்பல் படை. இதில் எனக்குப் பிடித்தது, நேரத்தை நாமே குறித்துக்கொள்ளலாம். கப்பல்கள் கிரகத்தில் நின்றால் யாராவது உளவுக் கலம் அனுப்பிப் பார்த்துவிட்டு அடிப்பார்கள். அடித்து நொறுக்கியதில் வழக்கமாக 30 சதவீத உலோகமும் படிகமும் சிதைவாக மிதக்கும், அதையும் அள்ளிக்கொண்டு போவார்கள். அதனால் தூங்கப் போகும் முன் மொத்தப் படையையும் சரக்கோடு சேர்த்து எங்காவது பறக்க விட்டுவிட வேண்டும். பறக்கும் படையை அடிக்க முடியாது. இதற்கு ஃப்ளீட் சேவ் என்று பெயர். கிராமத்தில் பொழுது சாய்ந்தால் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்போம். இங்கே தலைகீழ், பொழுது சாய்ந்தால் கோழியைத் திறந்து விட வேண்டும். வேகத்தை 10 சதவீதம் வரை குறைக்கலாம் என்பதால், காலை 7 மணிக்குத் திரும்புகிற மாதிரி கணக்குப் போட்டு அனுப்பலாம். ஆபீஸ் போகும் முன் மறுபடி அனுப்பி, சாயங்காலம் 7 மணிக்கு வரவழைக்கலாம். அதாவது நாளைக்கு இரண்டு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம். முக்கால் மணிக்குள் அடங்கிவிடுகிறது.

சிக்கல் ஏழு மணி ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. ரயில் தாம்பரத்தில் நின்றுவிட்டது, சிக்னல் இல்லை, அல்லது அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாயிற்று. படை சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்து நிற்கும். நிலவில் உளவு வளையம் வைத்திருக்கும் ஆள் அது திரும்பும் விநாடியைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான், இரண்டு விநாடி கழித்து அவன் படை இறங்கும். ஆறு மாதச் சேமிப்பு ஒரு செய்தி அறிக்கையில் முடிந்துபோகும். இருநூறு நாள் சரியாக வந்தவன் இருநூற்று ஒன்றாம் நாள் தவறினால், முந்தைய இருநூறையும் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். விடுமுறை நிலை என்று ஒன்று உண்டு, குறைந்தது 48 மணி நேரம். உற்பத்தி நின்றுவிடும், படை பறந்துகொண்டிருந்தால் அதில் போகவும் முடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகச் சரி, ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு உதவாது.

படையே இல்லாமல் சுரங்கத்தை மட்டும் வளர்த்துக்கொண்டு ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். மைனர் என்பார்கள். நம் ஊர் மைனர் இல்லை, கையில் மோதிரமும் கிடையாது வில்லு வண்டியும் கிடையாது, ரொம்பச் சாதுவான ஆட்கள். பாதுகாப்புப் பீரங்கிகளை வரிசையாக வைத்துவிட்டு, நாளுக்கு ஒருமுறை வந்து சேர்ந்ததைச் செலவழித்துவிட்டுப் போவார்கள். பத்து நிமிடம். மெதுவாக ஏறும், ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். என் வயதுக்கு இதைத்தான் சொல்வேன். இருபத்து மூன்று வயதுக்காரனிடம் சொன்னால் கொட்டாவி விடுகிறான்.

திரும்பும் நேரத்தை நாமே தேர்ந்தெடுப்பது என்றால் ஃபார்ம்வில் நினைவுக்கு வராமல் இருக்காது. 2009 ஜூனில் வந்தது, 2020 டிசம்பர் 31-ல் மூடிவிட்டார்கள், அதனால் இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆனால் ஸ்ட்ராபெர்ரி 4 மணி, பூசணி 8 மணி, கோதுமை 3 நாள் என்று பயிரோடு சேர்த்தே நேரத்தையும் விதைக்கவைத்தது அது. படுக்கும் முன் பூசணி போட்டுவிட்டு எழுந்ததும் அறுத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஸ்ட்ராபெர்ரி போட்டுவிட்டு மீட்டிங்கில் நெளிந்தவர்களையும் தெரியும். தாமதமானால் பயிர் வாடிவிடும்.

அடுத்த வகையில் யாரும் வந்து அடிக்கப்போவதில்லை, ஆனால் ஒரு தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய டார்ன் இப்படி. ரவுடி நகரம். ஜிம்மில் பயிற்சி எடுக்கவும் சண்டை போடவும் எனர்ஜி வேண்டும். காசு கட்டாத அக்கவுன்டில் தொட்டியின் கொள்ளளவு 100. கால் மணிக்கு 5 வீதம் ஊறும். அப்படியானால் 5 மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஒரு நாளுக்கு மொத்தம் 480 ஊறுகிறது, ஆனால் காலையும் இரவும் மட்டும் வந்து போகிறவனுக்குக் கிடைப்பது 200. மீதி 280, மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோன வீட்டு மொட்டைமாடித் தொட்டி மாதிரி, வழிந்து தெருவில் ஓடும். ஒருமுறை உள்ளே போனால் ஐந்து நிமிட வேலைதான். அந்த ஓசை காதில் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் உண்மையான செலவு. உடம்பு ஆபீஸில் இருக்கும், மனசு மாடியில்.

ஃபாலன் லண்டன் அதே தொட்டிதான், இன்னும் சின்னது: 20 செயல்கள், பத்து நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 3 மணி 20 நிமிடத்தில் நிரம்பும். ஆனால் அது கதை படிக்கும் விளையாட்டு. போட்டிக்கு ஆள் இல்லை, வழிந்தால் வழியட்டும், கதை அங்கேயேதான் இருக்கும். கணக்கில் டார்னைவிட அவசரப்படுத்த வேண்டிய கேம், நடப்பில் அவசரப்படுத்துவதில்லை. யாரோடும் ஓடவில்லை என்றால் தாமதம் என்று ஒன்றே இல்லை. பையனுக்கு ஆங்கிலக் கதைப் பத்திகளைப் பொறுமையாகப் படிக்க ஆர்வமில்லை, எனவே அதை விட்டுவிட்டோம்.

குக்கி கிளிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. 2013-ல் வந்தது. தானாக ஓடும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். நம்பாதீர்கள். தொடக்கத்தில் 5 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தங்க பிஸ்கெட் ஒன்று தோன்றி 13 விநாடியில் மறையும். திறந்துவைத்த டேபை மூட மனம் வராது.

எனக்கு இந்த வரிசையில் நேரத்தை மதிக்கிற கேம் என்று தோன்றுவது கிங்டம் ஆஃப் லோதிங். 2003-லிருந்து ஓடுகிறது. குச்சி மனிதர்களை வரைந்து வைத்திருப்பார்கள், பணத்துக்குப் பதில் இறைச்சி, பாஸ்தா மந்திரவாதி, அக்கார்டியன் திருடன் என்று வேடங்கள். நாளுக்கு 40 சாகசம் ரேஷன். செலவழிக்காவிட்டால் மறுநாளுக்குச் சேரும், 200 வரை. அதாவது நாலு நாள் எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வந்தாலும் அந்த ரேஷனில் ஒன்றும் குறையாது. வார நாளில் வேலை, சனிக்கிழமை ஒரே மூச்சில் ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும் 200-க்கு மேல் போகும் கொஞ்சம்தான் வீணாகும். சரி, இதிலும் ஒரு பிடி உண்டு. தின்றும் குடித்தும் கூடுதல் சாகசம் சேர்க்கலாம். வயிற்றின் அளவு நாளுக்கு நாள்தான் புதுப்பிக்கப்படும், நேற்று சாப்பிடாததை இன்று சேர்த்துச் சாப்பிட முடியாது. முன்னேறத் துடிக்கும் ஆளுக்கு அதுவே தினமும் வரச் சொல்லும் காரணமாகிவிடும்.

நாள் மாறுவது அரிசோனா நேரப்படி இரவு 8:30, நமக்குக் காலை 9 மணி. அந்த நேரத்தில் சில நிமிடம் கடையை மூடித்தான் திறப்பார்கள். நமக்கு இது வசதி. ஆபீஸில் நுழையும்போது புது ரேஷன் விழும், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம், நள்ளிரவு அவசரம் கிடையாது. இன்னொன்று: அளவுக்கு மேல் குடித்துவிட்டால் பாத்திரம் தள்ளாடும், நாள் மாறும் வரை சாகசத்துக்குப் போக விடாது. அதனால் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாக ஒரு கோப்பை ஊற்றிக்கொள்வது ஆடுகிறவர்கள் பழக்கம். "போதும், போய்ப் படு" என்று ஷட்டரை இறக்கும் ப்ரவுசர் கேமை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் முழுக்க ஆங்கிலச் சொல் விளையாட்டு. பாதிச் சிரிப்பு நழுவிப்போகும்.

வேர்டில் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாளுக்கு ஒரு சொல், அதைக் கண்டுபிடிக்க ஆறு முயற்சி, உங்கள் ஊர் நள்ளிரவில் புதுச் சொல். மேடவாக்கத்தில் இருக்கிறவனுக்கும் மான்செஸ்டரில் இருக்கிறவனுக்கும் அவரவர் நள்ளிரவு. ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்க நினைத்தாலும் வாங்கிக்கொள்ளாது. விடாமல் ஜெயித்த நாள் எண்ணிக்கை 100-ஐத் தாண்டிய பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அதைத் தேடுவார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாகச் சதுரங்கம். இதை கேம் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டான். ப்ரவுசரில்தானே ஆடுகிறோம். லிசெஸ் 2010-லிருந்து இலவசம், விளம்பரமும் இல்லை. பிளிட்ஸ் பக்கம் போகாதே என்றேன். மூன்று நிமிட ஆட்டம் தனியாக வந்ததை நான் பார்த்ததில்லை, தோற்றால் பழி தீர்க்க ஒன்று, ஜெயித்தால் கை நன்றாக இருக்கிறதென்று ஒன்று. அங்கேயே கடித முறை ஆட்டம் இருக்கிறது. ஒரு நகர்வுக்கு 1 நாளிலிருந்து 14 நாள் வரை அவகாசம் வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் வைத்து, இரண்டு பேரும் நாற்பது நகர்வு, ஒவ்வொன்றுக்கும் முழு அவகாசத்தையும் எடுத்துக்கொண்டால் 240 நாள். ஏறக்குறைய ஒரு டிராவியன் சர்வரின் ஆயுள். ஆனால் உட்கார்ந்து யோசித்த நேரத்தைக் கூட்டினால் ஐந்தாறு மணி நேரம் இருக்கும், அதுவும் ரயிலில் பரனூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே. தடுக்கி விழ ஒரே இடம், ஆட்டங்களை அடுக்குவது. நாலு ஆட்டம் சுகம், இருபது ஆட்டம் எடுத்தால் அது இன்னொரு ஆபீஸ்.

ஆக அவனுக்கு நான் எழுதிக்கொடுத்தது: வார நாளில் கடிதச் சதுரங்கம் நாலு ஆட்டம், சனிக்கிழமை கிங்டம் ஆஃப் லோதிங். போர் வேண்டும் என்றே அடம் பிடித்தால் ஓகேமில் மைனர். டிராவியன் வேண்டாம். தனி ஆளாக என்றால் வேண்டவே வேண்டாம் என்று அடிக்கோடு வேறு போட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டான். கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறான். ஒருவன் ஓஎம்ஆரில் இரவு ஷிப்ட், இன்னொருவன் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு பகல் முழுக்க வீட்டில். மூன்று பேரும் ஒரே அக்கவுன்ட், மூன்று மடங்கு வேக சர்வர், டியூட்டன். "நீங்கதான தனி ஆளா வேண்டாம்னு அடிக்கோடு போட்டீங்க மாமா" என்றான். சரிதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேருமே தூங்குவார்களாம், அதற்கு ஒரு சிட்டர் வேண்டுமாம்.

பெயர் கொடுத்திருக்கிறேன். இரண்டு மணியிலிருந்து நாலரை வரைதான். தானியக் கணக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு நானும் படுத்துவிடுவேன்.